மொபைல் ஆப்பில் தமிழ்ப் பேச்சு வசதி: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசிமேட்டு மீன் மொத்த வியாபாரிகள், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகள், மணலி, எண்ணூர் பக்கத்து லாரி புக்கிங் ஆபீஸ்கள் போன்ற இடங்களுக்குச் சின்னச் சின்ன ஆப் செய்து தருவது எங்கள் தொழில். "டைப் அடிக்க முடியலப்பா, பேசுனா அதுவே எழுதிக்கிற மாதிரி செஞ்சு குடு" என்று எல்லாக் கடையிலும் கேட்கிறார்கள். இதே வேலையில் இறங்கும் மற்ற டெவலப்பர்களும் புராஜெக்ட் செய்யும் கல்லூரி மாணவர்களும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை கீழே. ஆண்ட்ராய்டு பற்றித்தான் அதிகம் இருக்கும். இங்கே வாடிக்கையாளர் கையில் இருப்பது பெரும்பாலும் அதுதான்.

கீபோர்டிலேயே மைக் இருக்கிறதே, ஆப்பில் தனியாக எதற்கு?

பல நேரம் தேவையே இல்லை. கூகுள் 2017 ஆகஸ்டில் தமிழ் உட்பட எட்டு இந்திய மொழிகளுக்குக் குரல் தட்டச்சைக் கொண்டுவந்தது. அதிலிருந்து கூகுளின் கீபோர்டான ஜிபோர்டில் மைக்கைத் தட்டித் தமிழில் பேசினால் எழுத்து வந்துவிடுகிறது. உங்கள் ஆப்பில் இருப்பது ஒரு 'குறிப்பு' கட்டமோ, முகவரிக் கட்டமோ என்றால் ஒரு வரி கோடும் எழுத வேண்டாம். கீபோர்டில் தமிழை எப்படிச் சேர்ப்பது என்று கடைக்காரருக்குக் காட்டிவிட்டு வந்தாலே போதும்.

"வஞ்சிரம் அஞ்சு கிலோ, சங்கரா ரெண்டு கிலோ" என்று ஒரே மூச்சில் சொல்லி, அது ஆர்டரில் இரண்டு வரியாக, பொருள் வேறு, எடை வேறு என்று பிரிந்து விழ வேண்டுமா? அங்கேதான் தனி வசதிக்கு வேலை இருக்கிறது. பேச்சை எழுத்தாக்கும் இன்ஜினை இணைப்பது ஒரு நாள் வேலை. வந்த எழுத்தை ஆர்டராக்குவதுதான் மிச்ச நாள் முழுவதும். கீழே உள்ள பதில்களில் பாதிக்குமேல் அந்த இரண்டாவது வேலையைப் பற்றியவைதான்.

ஆண்ட்ராய்டில் எங்கிருந்து தொடங்குவது?

இரண்டு வழி உண்டு. முதலாவது, ரெகக்னைசர் இன்டென்ட், அதாவது வேலையை இன்னொரு ஆப்பிடம் ஒப்படைக்கும் கோரிக்கை. அது கூகுளின் பேச்சுத் திரையைத் திறக்கும், பயனர் பேசுவார், முடிவு உங்களிடம் திரும்பி வரும். சோதித்துப் பார்க்க இது போதும். மைக் அனுமதியைக்கூட நீங்கள் கேட்க வேண்டியதில்லை. இரண்டாவது, ஆண்ட்ராய்டில் பேச்சறிதலுக்கென உள்ள ஸ்பீச் ரெகக்னைசர் வகுப்பை (கிளாஸ்) நேரடியாக அழைப்பது. திரை உங்களுடையதாகவே இருக்கும், பேசப் பேச இடைக்கால முடிவுகளும் வரும். கடைக்குக் கொடுக்கும் ஆப்புக்கு இதுதான் சரி.

இதில் மறக்கக் கூடாதவை: மேனிஃபெஸ்டில் (ஆப்புக்கு என்னென்ன வேண்டும் என்று அறிவிக்கும் கோப்பு) ரெக்கார்ட் ஆடியோ அனுமதி, ஓடும் நேரத்தில் அதைப் பயனரிடம் கேட்பது (ஆண்ட்ராய்டு 6 முதல் கட்டாயம்), எல்லா அழைப்புகளையும் மெயின் த்ரெடில் (திரையை இயக்கும் முதன்மை ஓட்டம்) இருந்தே செய்வது, திரை மூடும்போது மறக்காமல் ரெகக்னைசரை டெஸ்ட்ராய் செய்து விடுவிப்பது. கடைசியைச் செய்யாவிட்டால் அடுத்த முறை 8 என்ற பிழை எண் வரும். 'ரெகக்னைசர் பிஸி' என்று அர்த்தம்.

மொழியைத் தமிழ்–இந்தியா என்று நீங்களே குறிப்பிடுங்கள். போனின் மொழியை நம்பி விட்டுவிடாதீர்கள். தொண்டையார்பேட்டையில் நாள் முழுக்கத் தமிழ் பேசுகிறவரின் போனும் ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

என் போனில் ஓடுகிறது, கடைக்காரர் போனில் மைக்கைத் தட்டினால் ஒன்றுமே நடப்பதில்லை. ஏன்?

முதல் சந்தேகம் எப்போதும் மேனிஃபெஸ்ட் மீதுதான். ஆண்ட்ராய்டு 11 முதல் ஒரு ஆப் இன்னொரு ஆப்பைப் பார்க்க வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பேச்சு இன்ஜினும் இன்னொரு ஆப்தான். மேனிஃபெஸ்டின் 'குவெரீஸ்' பகுதியில் ரெகக்னிஷன் சர்வீஸைக் குறிப்பிடாவிட்டால், போனில் இன்ஜின் இருந்தும் "இல்லை" என்றே உங்கள் ஆப்புக்குப் பதில் வரும். உங்கள் பழைய ஆண்ட்ராய்டு 10 போனில் இது தெரியவே தெரியாது.

அடுத்து, கூகுள் ஆப்பை யாராவது முடக்கியிருப்பார்கள். "இடம் பத்தலைன்னு பையன் எடுத்துட்டான்" என்று கடையில் சொல்வார்கள். மூன்றாவது கொஞ்சம் விஷமமானது: ஆண்ட்ராய்டு 12 முதல் மேலிருந்து இழுக்கும் பட்டையில் மைக்கை மொத்தமாக அணைக்கும் பொத்தான் உண்டு. தெரியாமல் விரல் பட்டு அது அணைந்திருந்தால், உங்கள் ஆப்புக்கு அனுமதி இருந்தாலும் வெறும் நிசப்தம்தான் வரும். அப்போது பிழை எண் 6 அல்லது 7 வரும்: பேச்சே வரவில்லை, அல்லது எதுவும் பொருந்தவில்லை. இந்த எண்களைப் பயனரிடம் காட்டாதீர்கள். 6-க்கும் 7-க்கும் "சரியாகக் கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள்", 1-க்கும் 2-க்கும் "நெட் இல்லை", 9-க்கு "மைக் அனுமதி வேண்டும்". இந்த மூன்று வாசகம் போதும்.

ஐபோனில்?

2016-இல் ஐஓஎஸ் 10-உடன் வந்த ஸ்பீச் ஃபிரேம்வொர்க் இருக்கிறது. மைக்குக்கு ஒன்று, பேச்சறிதலுக்கு ஒன்று என இரண்டு அனுமதி விளக்கங்களை இன்ஃபோ பிலிஸ்ட் என்ற அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். ஒன்று விடுபட்டாலும் ஆப் அங்கேயே விழுந்துவிடும். சர்வர் வழியாகப் போகும் கோரிக்கைக்குச் சுமார் ஒரு நிமிட வரம்பு உண்டு. தமிழ் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வாக்குக் கொடுக்காதீர்கள். எந்தெந்த மொழி இருக்கிறது என்று அந்த வகுப்பிடமே கேட்கலாம். வாடிக்கையாளரின் போனில் அதை ஓட்டிப் பார்த்து, இல்லாவிட்டால் கிளவுடுக்கு (இணையம் வழியே கிடைக்கும் சர்வர் சேவை) போங்கள்.

ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் சேர்த்து எழுத உதவும் ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவில் எழுதுகிறோம். வேறு வழியா?

இல்லை. அவற்றுக்கான பிளகின்கள் மேலே சொன்ன அதே சிஸ்டம் வசதிகளைத்தான் சுற்றித் தருகின்றன. அதே பிழைகள், அதே எண்கள், அதே குவெரீஸ் பிரச்சினை.

கிளவுடா, போனுக்குள்ளேயா, சொந்த சர்வரா?

நெட் எப்படி, பணம் யார் கட்டுகிறார்கள் என்ற இரண்டைப் பொறுத்தது.

கிளவுட் சேவைகள் பேசிய நேரத்துக்குக் காசு வாங்குகின்றன. கூகுள் கிளவுடின் பேச்சுச் சேவையில் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ், மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் எனத் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. ஒலியின் அளவைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்: 16 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைச் சேனல் என்றால் விநாடிக்கு 32 கிலோபைட். பத்து விநாடி ஆர்டருக்கு 320. ஓபஸ் என்ற ஒலிச் சுருக்க முறையில் சுருக்கினால் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை காசிமேட்டில் மொத்த ஊரும் மீன் வாங்க வந்து நிற்கும்போது இந்த வித்தியாசம் தெரியும். அப்புறம் ஒன்று: கிளவுட் சாவியை (சேவையைத் திறக்கும் ரகசியக் குறியீடு) ஏபிகேவுக்குள் (ஆப்பின் நிறுவல் கோப்பு) வைக்காதீர்கள். அதைப் பிரித்து எடுப்பது கஷ்டமே இல்லை. ஒலி உங்கள் சர்வருக்குப் போய், அங்கிருந்து கிளவுடுக்குப் போகட்டும்.

போனுக்குள்ளேயே நடக்க வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டு 12 முதல் அதற்கெனத் தனி ரெகக்னைசர் உண்டு. 13-இல் ஒரு மொழி அந்தப் போனில் இருக்கிறதா என்று கேட்கவும், இல்லையென்றால் இறக்கச் சொல்லவும் வழி வந்தது. பழைய போனில் 'ஆஃப்லைன் முன்னுரிமை' என்று கேட்கலாம். இன்ஜின் மதித்தால் உண்டு.

சொந்த சர்வர் வைப்பவர்களுக்கு நம் ஊரிலேயே நல்ல சரக்கு இருக்கிறது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் பேச்சறி மாதிரிகளை (மாடல்) திறந்த மூலமாக வெளியிட்டிருக்கிறது. தரவாக வேண்டுமென்றால் மொசில்லாவின் காமன் வாய்ஸில் தமிழும் உண்டு. ஆனால் சர்வரைக் கட்டி ஆளும் செலவு ஒரு கடைக்குக் கட்டுப்படியாகாது. பத்து இருபது கடை சேர்ந்தால் யோசிக்கலாம்.

விஸ்பர் இலவசம்தானே, அதையே போட்டுவிட்டால்?

விஸ்பர் என்பது ஓபன்ஏஐ 2022 செப்டம்பரில் வெளியிட்ட பேச்சறி மாதிரி. 6,80,000 மணி நேர ஒலியில் பழக்கியது, தமிழும் தெரியும். போனில் ஓட்ட சி++ வடிவமும் இருக்கிறது. சிக்கல் அளவில்தான். அதன் வகைகளில் டைனி சுமார் 75 எம்பி, பேஸ் 142, ஸ்மால் 466. முதல் இரண்டும் ஆங்கிலத்துக்கு ஒப்பேறும், தமிழுக்கு அவற்றை நம்பி ஆர்டர் எடுக்க முடியாது என்பது எங்கள் கருத்து. தமிழ் எழுத்தை அது பைட் பைட்டாக உடைத்துக் கையாள்வதால், அதே நீளப் பேச்சுக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழில் அதிக டோக்கன் (எழுத்துத் துண்டு) துப்ப வேண்டியிருக்கிறது. நாலு ஜிபி ராம் போனில் ஸ்மால் ஓடி முடிவதற்குள் வியாபாரி கையால் எழுதி முடித்துவிடுவார்.

இன்னொன்று, ஒலியை 30 விநாடித் துண்டுகளாகவே அது பார்க்கும். துண்டில் பேச்சே இல்லாமல் வெறும் இரைச்சல் இருந்தால், யாரும் சொல்லாத வாக்கியத்தைத் தானாக எழுதிவைக்கும் பழக்கம் உண்டு. பயன்படுத்துவதானால் முன்னால் ஒரு குரல் கண்டறியும் வடிகட்டியை வைத்து, பேச்சு உள்ள பகுதியை மட்டும் அனுப்புங்கள்.

சென்னைத் தமிழ் புரியுமா?

பாதி புரியும். மீதிக்குக் காரணம் மாதிரிகளின் பயிற்சியில் இருக்கிறது. ஏஐ4பாரத்தின் ஸ்ருதிலிபி என்ற தொகுப்பையே பாருங்கள்: 12 மொழிகளில் 6,400 மணி நேரத்துக்கு மேல், எல்லாம் ஆல் இந்தியா ரேடியோ செய்தி அறிக்கைகளிலிருந்து எடுத்தது. கத்பாத் என்ற இன்னொரு தொகுப்பு எழுதிக் கொடுத்த வாக்கியத்தைப் படிக்கச் சொல்லிப் பதிந்தது. செய்தி வாசிக்கிற தமிழும் படிக்கிற தமிழும் கேட்டு வளர்ந்த இன்ஜின் முன்னால் போய் "இன்னும் நாலு பொட்டி கீது, எய்திக்கோ" என்றால் அது திகைக்கத்தான் செய்யும். இயல்பான உரையாடலையும் சேர்த்த இண்டிக்வாய்சஸ் தொகுப்பு பிறகு வந்தது. அதுபோன்றவை பெருகினால் நிலைமை மாறும்.

இப்போதைக்கு எங்கே தடுக்கும் என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 'இருக்கிறது' 'கீது' ஆவதும், 'கொண்டு' 'கினு' ஆவதும் வினையில் வருபவை. ஆர்டர் எடுக்கும் ஆப்புக்கு வினை பெரிய விஷயமில்லை, தூக்கிப் போட்டுவிடலாம். உறுத்துவது ழகரம். வடசென்னையில் பலர் வாயில் அது யகரமாகிறது: ஏழு 'ஏயு', எழுபது 'எயுவது', கிழங்கான் மீன் 'கெயங்கான்'. எண்ணும் பொருளும் மாறிப்போனால் ஆர்டரே போச்சு.

"கொஞ்சம் திருத்தமாப் பேசச் சொல்லுங்களேன்" என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். ஏலத்தில் நின்றுகொண்டிருக்கும் அக்காவிடம் போய் நீங்களே சொல்லிப் பாருங்கள். ஆப்தான் பழக வேண்டும்.

பொருள் பெயர்கள் தப்புத் தப்பாக வருகின்றன. 'சங்கரா' கேட்டால் 'சங்கர்' என்கிறது.

இன்ஜின் தனக்கு அதிகம் பழக்கமான சொல்லுக்குச் சாய்கிறது. 'சீலா' 'ஷீலா' ஆவதும், 'கொடுவா' 'கொடு வா' என்று இரண்டாக உடைவதும் அதே கதை. இதற்கு மூன்று இடத்தில் மருந்து போடலாம்.

கேட்கும்போதே: ஆண்ட்ராய்டு 13 முதல் எதிர்பார்க்கும் சொற்களின் பட்டியலை இன்ஜினிடம் கொடுக்கலாம். ஐபோனிலும் அப்படி ஒன்று உண்டு. அங்கே நூறு சொல்லுக்குள் நிறுத்தச் சொல்கிறது ஆப்பிள். கிளவுடிலும் உண்டு. இவை உதவும், ஆனால் உத்தரவாதமில்லை.

முடிவு வந்ததும்: ஸ்பீச் ரெகக்னைசர் ஒரே ஒரு பதில் தருவதில்லை, பல ஊகங்களைப் பட்டியலாகத் தரும். பலர் முதல் ஊகத்தை எடுத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடுகிறார்கள். ஐந்து கேட்டு, ஐந்தையும் உங்கள் பொருள் பட்டியலோடு ஒப்பிடுங்கள். 'சங்கரா' மூன்றாவது ஊகத்தில் உட்கார்ந்திருக்கும்.

ஒப்பிடும்போது: இங்குதான் தமிழுக்கென்று யோசிக்க வேண்டும். முதலில் யூனிகோட் வடிவத்தை என்எஃப்சி என்ற சீராக்கும் முறையில் ஒன்றாக்குங்கள். 'கொ' என்ற எழுத்தின் குறி ஒரே குறியீடாகவும் வரலாம், கொம்பும் காலுமாகப் பிரிந்தும் வரலாம். கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. இடைவெளிகளை நீக்குங்கள், 'கொடு வா' சேர்ந்துவிடும். பிறகு ஒப்பீட்டுக்கு மட்டும் ஒரு சாவி (சொல்லின் எளிமையாக்கிய வடிவம்) உண்டாக்குங்கள்: ல, ள, ழ மூன்றும் ஒன்று, ந, ன, ண ஒன்று, ர, ற ஒன்று, குறிலும் நெடிலும் ஒன்று, இரட்டித்த மெய் ஒற்றை. அந்தச் சாவிகளுக்கிடையே எத்தனை எழுத்து வித்தியாசம் என்று பாருங்கள். எழுத்து என்றால் முழுத் தமிழ் எழுத்து. குறியீட்டை எண்ணினால் ஒரே எழுத்து மாறியதற்கே 'கி'க்கும் 'கு'க்கும் ஒன்று, 'கி'க்கும் 'மா'வுக்கும் இரண்டு என்று வேறு வேறு தூரம் வரும்.

யகரத்தையும் அந்த லகரக் கூட்டத்தில் சேர்க்கலாமா என்றால், வேண்டாம். வலை ரொம்பப் பெரிதாகி எல்லாம் எல்லாவற்றோடும் பொருந்த ஆரம்பிக்கும். அதற்குப் பதில் ஒவ்வொரு பொருளுக்கும் 'இப்படியும் சொல்வார்கள்' என்று பட்டியலில் ஒரு பத்தி (காலம்/column) வையுங்கள். கிழங்கானுக்கு எதிரே கெயங்கான். பயனர் கையால் திருத்தும் ஒவ்வொரு முறையும், இன்ஜின் எழுதியதையும் அவர் தேர்ந்தெடுத்ததையும் சேர்த்துக் குறித்துவைத்தால் அந்தப் பத்தி தானாக வளரும். எங்கள் அனுபவத்தில் விலை உயர்ந்த இன்ஜினுக்கு மாறியதைவிட இந்தப் பத்தி அதிகம் உதவியது.

முதல் பொருத்தத்துக்கும் இரண்டாவதுக்கும் பெரிய இடைவெளி இல்லையென்றால் நீங்களாக முடிவெடுக்காதீர்கள். இரண்டையும் பெரிய பொத்தானாகக் காட்டுங்கள். ஒரு தட்டு, முடிந்தது.

எண்கள்?

இதுதான் காசு போகிற இடம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

ஒரே எண்ணை இன்ஜின் ஒரு நேரம் '250' என்றும், இன்னொரு நேரம் 'இருநூற்றி ஐம்பது' என்றும், மற்றொரு நேரம் 'இருநூத்தி அம்பது' என்றும் எழுதும். மூன்றையும் படிக்கும் நிரல் உங்களுக்கு வேண்டும். பின்னங்களை மறக்காதீர்கள்: கால், அரை, முக்கால், ஒன்றேகால், ஒன்றரை, ரெண்டேமுக்கால். எடையில் இவை இல்லாத ஆர்டர் அரிது. 'ரெண்டரை'யை '2 அரை' என்று எழுதிக் கொடுக்கும் இன்ஜினும் உண்டு. எண்ணுக்குப் பின்னால் 'அரை' வந்தால் கூட்டிக்கொள்ள வேண்டும். தமிழில் இரண்டு எண்கள் அடுத்த வரிசையைப் போல ஒலித்து ஏமாற்றும்: 'நூறு' என்று முடியும் தொண்ணூறு 90, 'ஆயிரம்' என்று முடியும் தொள்ளாயிரம் 900. உங்கள் நிரலுக்கான சோதனையில் இந்த இரண்டும் கட்டாயம் இருக்கட்டும்.

அடுத்தது இன்னும் ஆபத்து. மைக் திறப்பதற்குள் பயனர் பேச ஆரம்பித்துவிடுவார். முதல் அசை வெட்டுப்படும். 'இருநூறு' என்பதில் முன்பாதி போனால் மிஞ்சுவது 'நூறு'. ஐநூறும் அப்படித்தான், தொண்ணூறும் அப்படித்தான். இன்ஜின் எந்தச் சந்தேகமும் இல்லாமல் 100 என்று எழுதும், ஏனென்றால் அதன் காதில் விழுந்தது உண்மையிலேயே நூறுதான். அதனால் பொத்தானைத் தட்டியவுடன் 'பேசுங்கள்' என்று காட்டாதீர்கள். 'பேசத் தயார்' என்று ரெகக்னைசர் சொல்லும் அழைப்பு வந்தபிறகு நிறத்தை மாற்றி, ஒரு சின்ன அதிர்வும் கொடுங்கள்.

விலையும் எடையும் எப்போதும் பெரிய இலக்கங்களில் திரையில் வர வேண்டும். காதில் ஹெட்செட் இருந்தால் தமிழில் திரும்பச் சொல்லவும் வையுங்கள். அந்தப் பொருளுக்கு வழக்கமாக இருக்கும் விலையிலிருந்து வெகுவாக விலகினால் அந்தக் கட்டத்தைச் சிவப்பாக்குங்கள். வஞ்சிரம் கிலோ 90 ரூபாய் என்று வந்தால் ஏதோ தப்பு என்று மனிதனுக்கு உடனே தெரிகிறது, ஆப்புக்கும் தெரியலாம்.

காசிமேட்டுச் சத்தத்தில் வேலை செய்யுமா?

ஐஸ் உடைக்கும் மெஷின், மீன்பாடி வண்டிக்காரர்களின் கூச்சல், லாரி ஹாரன், பக்கத்திலேயே இன்னொரு ஏலம். மெஷின் இரைச்சல்கூடப் பரவாயில்லை, பக்கத்து ஏலம்தான் கொல்லும். அதுவும் தமிழ்ப் பேச்சு, அதுவும் மீன் பெயரும் எண்ணும். இன்ஜின் எதைக் கேட்பது?

மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுவருவதைவிட நல்ல மருந்து இல்லை. வயர் உள்ள சாதாரண ஹெட்செட் போதும். புளூடூத்தில் சில பழைய ஹெட்செட்கள் போன் கால் தரமான 8 கிலோஹெர்ட்ஸில்தான் ஒலியை அனுப்பும், மெய்யெழுத்துகள் மங்கிவிடும். வாங்கும் முன் சோதியுங்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருளை நடுவில் நுழைப்பதும் எப்போதும் நல்லதில்லை. நம் காதுக்குச் சுத்தமாகக் கேட்கும் ஒலியில் இன்ஜினுக்கு வேண்டிய நுணுக்கங்கள் போயிருக்கலாம். போட்டும் போடாமலும் அளந்து பார்த்து முடிவெடுங்கள்.

எந்த மாதத்தில் சோதிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும், மார்க்கெட் பாதி அடங்கியிருக்கும். கல்லூரிப் புராஜெக்ட்கள் பல சரியாக அந்த மாதங்களில்தான் சோதனைக்கு வருகின்றன. அப்போது கிடைக்கும் முடிவைப் பார்த்துச் சந்தோஷப்பட்டால், ஜூன் 15-க்கு அப்புறம் படகுகள் திரும்பும்போது தெரியும்.

கை ஈரமாக இருக்கிறது, திரையைத் தொட்டால் எடுக்க மாட்டேன் என்கிறது.

அழுத்திப் பிடித்துப் பேசும் பொத்தான் ஆபீஸில் அழகாக இருக்கும். ஈர விரலுக்கு அது நடுவிலேயே விட்டுப்போகும். ஒரு தட்டில் தொடங்கி, பேச்சு நின்றதும் தானே முடியும்படி வையுங்கள். இன்னும் நல்லது, வால்யூம் குறைக்கும் பொத்தான். உங்கள் ஆப் திரையில் இருக்கும்வரை அந்த அழுத்தலை நீங்கள் பிடித்துக்கொள்ள முடியும். பிளாஸ்டிக் உறைக்குள் போன் இருந்தாலும் வேலை செய்யும். எவ்வளவு நேர மௌனத்தில் முடிக்க வேண்டும் என்று இன்ஜினிடம் கேட்க வழி இருக்கிறது, ஆனால் சில இன்ஜின்கள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

துல்லியம் எத்தனை சதவீதம் என்று வாடிக்கையாளர் கேட்கிறார். என்ன சொல்வது?

சொல்பிழை விகிதம் என்று ஒரு அளவு உண்டு: மாறிய சொல், விட்ட சொல், கூடுதலாக வந்த சொல் மூன்றையும் கூட்டி, உண்மையில் பேசிய சொற்களின் எண்ணிக்கையால் வகுப்பது. ஆராய்ச்சிக் கட்டுரைக்குச் சரி. கடைக்கு அது தப்பான படம் காட்டும். "வஞ்சிரம் ரெண்டு கிலோ அனுப்பு" என்றதற்கு "வஞ்சரம் 2 கிலோ அனுப்பு" என்று வந்தால், நான்கில் இரண்டு சொல் மாறியதால் பிழை 50 சதவீதம். ஆனால் ஆர்டர் நூற்றுக்கு நூறு சரி. மாறாக, நீண்ட வாக்கியத்தில் 'இருநூறு' மட்டும் 'நூறு' ஆனால் பிழை விகிதம் சின்னது, நஷ்டம் பெரிது. ஒட்டி ஒட்டி நீளும் தமிழ்ச் சொல்லில் ஒரு விகுதி மாறினாலும் முழுச் சொல்லும் தப்பாகக் கணக்காகும் என்பது வேறு.

எனவே இரண்டே கேள்விகளால் அளந்து பாருங்கள்: எத்தனை ஆர்டர் கையால் தொடாமல் சரியாக விழுந்தது? தப்பாக விழுந்து யார் கண்ணிலும் படாமல் போனது எத்தனை? இரண்டாவது எண்தான் தூக்கத்தைக் கெடுக்க வேண்டும். சோதனைக் குரல்களை ஆபீஸ் பையன்களிடம் மட்டும் வாங்காதீர்கள். கூடை வைத்து விற்கும் பெண்கள், லோடுமேன், லாரி டிரைவர், கல்லாவில் உட்காரும் பெரியவர் என்று யார் நிஜமாகப் பேசப்போகிறார்களோ அவர்களிடம், அவர்கள் நிற்கும் இடத்திலேயே வாங்குங்கள்.

தெலுங்கு, உருது, இந்தி பேசுகிறவர்கள் வருகிறார்களே?

சௌகார்பேட்டையிலும் ராயபுரத்திலும் ஒரே கடையில் நாலு மொழி புழங்கும். ஆண்ட்ராய்டு 14-இல் மொழியைத் தானே கண்டுபிடிக்கும் வசதியைக் கேட்கலாம், கூகுள் கிளவுடில் மாற்று மொழிகளைக் கொடுக்கலாம். ஆனால் மூன்று நான்கு சொல் மட்டுமே உள்ள சின்ன ஆர்டரில் மொழியை ஊகிப்பது சூதாட்டம். முதல் முறை ஆப் திறக்கும்போது கேட்டு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மாற்ற ஒரு பொத்தான் மேலே இருக்கட்டும். ஆங்கிலப் பொருள் பெயர்கள் தமிழ்ப் பேச்சுக்குள்ளேயே வரும். அவற்றை இன்ஜின் சில நேரம் ஆங்கில எழுத்தில் எழுதும், சில நேரம் தமிழ் எழுத்தில். பட்டியலில் இரண்டு வடிவமும் வேண்டும்.

பதிவான குரலைச் சேமித்து வைக்கலாமா?

தேவையில்லாமல் வேண்டாம். குரல் தனிப்பட்ட தரவு. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலையும் எதற்காக எடுக்கிறோம் என்ற தெளிவையும் கேட்கிறது. பிளே ஸ்டோரின் தரவுப் பாதுகாப்புப் பகுதியிலும் ஒலி வெளியே போகிறது என்று அறிவிக்க வேண்டும். இன்ஜினை மேம்படுத்தச் சில பதிவுகள் வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள், தமிழில் கேளுங்கள், மறுத்தாலும் ஆப் முழுதாக ஓடட்டும். மார்க்கெட்டில் மைக் திறந்தால் ஒப்புதல் தராத பக்கத்துக் கடைக்காரர் குரலும் அதில் விழும் என்பதை நினைவில் வையுங்கள்.

எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும்படி செய்யலாமா?

இந்த ரெகக்னைசர் அதற்கானது இல்லை என்று ஆண்ட்ராய்டு ஆவணமே சொல்கிறது. பேட்டரியும் டேட்டாவும் போகும். பின்னணியில் மைக்கைத் தொட ஆண்ட்ராய்டு 9 முதலே தடை, அறிவிப்புடன் ஓடும் சர்வீஸ் வேண்டும். 14-இல் அதற்கும் தனி அனுமதி.

முதல் வாரம் ஆசையாகப் பேசினார், அப்புறம் டைப் அடிக்கவே திரும்பிவிட்டார். இன்ஜின் சரியில்லையா?

இன்ஜினை மாற்றும் முன் கடையில் போய் அரை நாள் நில்லுங்கள். பாக்கிக் கணக்கை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. யாருக்கு எவ்வளவு கடன் என்பது நாலு பேர் காதில் விழுந்தால் வியாபாரம் கெடும். கொள்முதல் விலையும் அப்படித்தான், எதிரில் நிற்பது வாங்க வந்தவர். எந்தக் கட்டங்களில் பேச்சு போகாது என்று பார்த்து, அங்கிருந்து மைக் பொத்தானை எடுத்துவிடுங்கள். எல்லாக் கட்டத்திலும் மைக் இருந்தால் எதில் பேசுவது என்றே தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். மீன் பெயரும் எடையும் ஏற்கெனவே கத்திச் சொல்லப்படுபவை, அங்கே மட்டும் வையுங்கள்.

மைக் திறக்கும்போது வரும் 'டிங்' சத்தத்தை நிறுத்த முடியுமா?

அந்த ஒலி இன்ஜினிலிருந்து வருகிறது, உங்கள் ஆப்பிலிருந்து அல்ல. அதை அணைக்க அதிகாரபூர்வ வழி கிடையாது. ஒலி அளவை ஒரு கணம் பூஜ்ஜியமாக்கித் திருப்பும் தந்திரம் போனுக்குப் போன் வேறு மாதிரி நடக்கும், நடுவில் போன் கால் வந்தால் ரிங்டோனும் போய்விடும். நீங்களே ஒலியைப் பதிந்து கிளவுடுக்கு அனுப்பினால் டிங் இருக்காது. ஆண்ட்ராய்டு 13 முதல் நீங்கள் பதிந்த ஒலியை ரெகக்னைசரிடமும் கொடுக்கலாம். ஆனால் நிறுத்தச் சொல்லிக் கேட்பவர்கள் எல்லாம் டெவலப்பர்கள்தான். கடைகளில் வந்த கோரிக்கை வேறு: ஹெட்செட்டில் இன்னும் கொஞ்சம் சத்தமாக வைக்க முடியுமா என்பது.